அடைத்த வீட்டு ஆர்எக்ஸ் 100: சாலை ஓட்டத்துக்கு மிதமான டியூனிங், அளவுகளோடு

செட்டிநாட்டுப் பக்கம் விலைக்கு வரும் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டிகளைப் பெரும்பாலும் இரண்டு ரகமாகப் பிரித்துவிடலாம். ஒன்று, காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் தினசரி ஓடி, பல கை மாறி, போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்து, அதைப் பெரிதாக்கும் கடைசி அளவான கடைசி ஓவர்சைஸைத் தொட்டுவிட்ட வண்டி. இன்னொன்று, குடும்பம் சென்னைக்கோ கோலாலம்பூருக்கோ போய்விட, அடைத்த வீட்டின் பின்கட்டில் சாக்கு போர்த்தி நின்ற வண்டி. இரண்டாவதற்குத்தான் விலை அதிகம் சொல்வார்கள். பெயின்ட்டும் குரோமும் பளிச்சென்று இருக்கும், போரும் கம்பெனி அளவிலேயே இருக்கலாம். கோளாறெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். கிராங்க் சீல் காய்ந்து கல்லாகியிருக்கும், பேரிங்கில் துருப்புள்ளி விழுந்திருக்கும், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வற்றிப் பிசினாகியிருக்கும்.

இந்தப் பதிவு அந்த இரண்டாவது ரக வண்டி ஒன்றின் இன்ஜின் வேலை பற்றியது. ரேஸ் வண்டி ஆக்குவது நோக்கமில்லை. இரண்டு பேரோடு காரைக்குடியிலிருந்து திருமயம் போகும்போது சின்ன ஏற்றத்துக்கெல்லாம் கியர் இறக்காமல் இழுக்க வேண்டும். சித்திரை வெயிலில் பிஸ்டன் பிடிக்கக் கூடாது. ஆயிலைத் தானாகச் செலுத்தும் ஆட்டோலூப் ஆயில் பம்பும் கம்பெனி சைலன்ஸரும் அப்படியே இருக்க வேண்டும். இதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

எங்கே கை வைப்பது என்று முடிவு செய்ய ஒரு சின்னக் கணக்கு உதவும். 1985 முதல் 1996 வரை வந்த இந்த வண்டிக்கு போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ., கொள்ளளவு 98 சிசி. திறன் 7500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் 110 குதிரைத்திறனைத் தாண்டுகிறது. காற்றால் குளிரும் ஒரு சாலை வண்டிக்கு இது ஏற்கனவே இறுக்கிப் பிழிந்த எண். மேலே கூட்டிக்கொள்ள மிச்சம் கொஞ்சம்தான். பழைய வண்டி மந்தமாக ஓடினால் அதற்குக் காரணம் தேய்மானம், காற்றுக் கசிவு, கரி, தப்பான ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) இந்த நான்கில் ஒன்று. இவற்றைச் சரிசெய்தாலே பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும். கிரைண்டர் கடைசியில்தான் வர வேண்டும். சுரண்டிய இரும்பை யாரும் திரும்ப ஒட்ட முடியாது.

கசிவுச் சோதனை

டூ-ஸ்ட்ரோக்கில் சிலிண்டருக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறையான கிராங்க் கேஸ்தான் பம்ப். அதில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தாலும் கார்பரேட்டர் அளந்து கொடுத்த கலவையோடு கணக்கில் வராத காற்றும் சேர்ந்துவிடும். கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். அதனால் இன்ஜினைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு தடவையும், எல்லாம் பூட்டிய பிறகு மறுபடியும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

கருவிக்குப் பெரிய செலவில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் பிபி பார்க்கும் டயலும் காற்றடிக்கும் ரப்பர் உருண்டையும் போதும். டயலில் உள்ள 300 மி.மீ. பாதரச அளவு கிட்டத்தட்ட 5.8 பிஎஸ்ஐக்குச் சமம். நமக்கு வேண்டிய எல்லையே அதுதான். பழைய ஸ்பார்க் ப்ளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்துவிட்டு, உள்ளே ஒரு சிறு பித்தளைக் குழாயைப் பற்றவைத்தால் அடாப்டர் தயார். இன்டேக் ரப்பர் வாயிலும் எக்ஸாஸ்ட் வாயிலும் ரப்பர் கட்டை வைத்து இறுக்க வேண்டும். ஆயில் பம்பிலிருந்து வரும் மெல்லிய குழாய் சோதனைப் பகுதிக்குள் வந்து சேர்ந்தால் அதையும் அடைக்க வேண்டும். பிஸ்டனைக் கீழே இறக்கி நிறுத்தினால் டிரான்ஸ்ஃபர் போர்ட் (கேஸிலிருந்து கலவை சிலிண்டருக்கு ஏறும் வழி) திறந்து, கேஸும் சிலிண்டரும் ஒரே அறையாகிவிடும்.

250 முதல் 300 வரை ஏற்றிவிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 50க்கு மேல் இறங்கினால் கசிவு உண்டு. 300க்கு மேல் ஏற்றாதீர்கள், நல்ல சீலும் பிதுங்கிவிடும். சோப்பு நீரைத் தூரிகையால் ஹெட் கேஸ்கட், அடி கேஸ்கட், இன்டேக் ரப்பர், மேக்னட்டுக்குப் பின்னால் உள்ள சீல் எல்லாவற்றிலும் தடவினால் குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். எங்கும் குமிழே இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருக்கிறது. கியர் பாக்ஸின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயில் சோப்புப் படலம் வைத்தால் அது உப்பும்.

இரண்டு சீலும் வேறு வேறு விதமாகத் தொல்லை தரும். மேக்னட் பக்கம் கசிந்தால் ஐடிலிங் தானாக ஏறும், ஆக்ஸிலரேட்டர் முறுக்கைத் தளர்த்தினாலும் இரைச்சல் இறங்க நேரமெடுக்கும். கிளட்ச் பக்கம் கசிந்தால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும். வெள்ளைப்புகை நிற்காது, கியர் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வரும். "ஆட்டோலூப் அதிகம் ஊத்துது" என்று பம்பைக் கழற்றிப் போட்ட வண்டிகளில் பல இந்தச் சீல் கோளாறுதான்.

நம் வண்டியில் மேக்னட் பக்கம் தெளிவாகக் குமிழ் விட்டது, இன்டேக் ரப்பரிலும் மடிப்பு ஓரத்தில் வெடிப்பு இருந்தது. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டி என்றால் சீலை மட்டும் மாற்றி மூடிவிட மனம் வரும், அதைச் செய்யக் கூடாது. கேஸைப் பிளந்து கிராங்க் பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுவதே சரி. துருப்புள்ளி விழுந்த பேரிங் கையில் சுற்றும்போது வழுவழுவென்று தெரியும், 5000 ஆர்பிஎம்மில்தான் உறுமும். புது பேரிங் வாங்கும்போது சி3 கிளியரன்ஸ் (உள்ளே சற்றுக் கூடுதல் இடைவெளி உள்ள ரகம்) கேட்டு வாங்க வேண்டும். கேஸைச் சீராகச் சூடாக்கி, பேரிங்கைத் தானாக விழச் செய்ய வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் கேஸின் இருக்கை அகன்றுபோகும்.

கனெக்டிங் ராடில் மேலும் கீழும் ஆட்டம் துளியும் கூடாது. பக்கவாட்டில் ஃபீலர் கேஜ் 0.2 முதல் 0.7 மி.மீ.க்குள் நுழைந்தால் நல்லது. கிராங்கை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் பார்த்தபோது சுற்றில் கோணல் 0.05 மி.மீ. காட்டியது. பழகிய லேத் பட்டறையில் தட்டி 0.02க்குக் கொண்டுவந்தோம். 0.03க்கு மேல் விட்டால் அதிர்வு கைப்பிடிக்கு வரும், புது சீலையும் சீக்கிரம் தின்றுவிடும்.

போரும் பிஸ்டனும்

போரில் தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் பிஸ்டன் நின்ற இடத்தில் ரிங் தடம் துருவாகப் பதிந்திருந்தது. விரல் நகத்தில் தட்டும் தடம் என்றால் ஹோனிங்கில் (கல்லால் லேசாகத் தேய்ப்பதில்) போகாது. முதல் ஓவர்சைஸான 0.25க்கு ரீபோர் செய்தோம். போர் 50.25 ஆனால் கொள்ளளவு 99.2 சிசிதான். ஆர்சி புத்தகத்துக்கும் இன்ஜினுக்கும் இதில் எந்த வம்பும் கிடையாது. 135 பிளாக் ஏற்றும் வழக்கம் இங்கும் உண்டு. 58 மி.மீ. போர், 132 சிசி. அது டியூனிங் இல்லை, வேறு இன்ஜின். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது பதில் சொல்ல வேண்டிவரும்.

பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போர் போடச் சொல்ல வேண்டும். "முதல் சைஸ் போட்ருங்கண்ணே" என்று பிளாக்கை மட்டும் வைத்துவிட்டு வந்தால், பட்டறையில் 50.25 சுத்தமாகப் போட்டிருப்பார்கள், வாங்கிய பிஸ்டன் 50.19 இருக்கும். பிஸ்டனின் அளவை அடி விளிம்பிலிருந்து 10 மி.மீ. மேலே, பின்னுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டரில் எடுக்க வேண்டும். அதோடு 0.045 கூட்டினால் வருவதுதான் போர். கம்பெனி பிஸ்டன் கிடைத்தால் 0.04 போதும். சந்தை பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், 0.05 விட்டுவிடுவது நிம்மதி.

ரீபோர் முடிந்ததும் எல்லாப் போர்ட்டின் விளிம்பும் கத்தி மாதிரி கூராக இருக்கும். சின்ன எண்ணெய்க் கல்லால் 0.3 முதல் 0.5 மி.மீ. சாய்த்து, அதன் பிறகு ஹோனிங் போட வேண்டும். வரிசை மாறினால் சாய்த்த இடத்தின் பிசிறு போருக்குள் நின்றுவிடும். இந்தப் பத்து நிமிட வேலையைப் பல பட்டறைகள் செய்வதில்லை. ரீபோர் போட்ட கொஞ்ச நாளிலேயே ரிங் உடைந்த கதைகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

ரிங்கைத் தனியாகப் போருக்குள் நேராக இறக்கி வாய் இடைவெளி பார்த்தோம், 0.25 வந்தது. 0.15 முதல் 0.35 வரை சரி. ரிங்கின் எழுத்து மேலே பார்க்க வேண்டும், காடியில் உள்ள சிறு ஊசி ரிங் வாய்க்குள் உட்கார வேண்டும், பிஸ்டன் தலையின் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம். பிஸ்டன் பின்னைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் எப்போதும் புதுசு. அதன் வாய் மேலோ கீழோ பார்க்க வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் காடியின் வெட்டுக்கு நேராக நின்று எகிறிவிடும். எகிறிய சர்க்ளிப் போரில் கிழிக்கும் கோடு அடுத்த மூன்று ஓவர்சைஸையும் சேர்த்து விழுங்கும்.

ஹெட்: ஈயக்கம்பி சொல்லும் அளவு

மிதமான டியூனிங்கில் செலவுக்கு அதிக பலன் தரும் இடம் இதுதான். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டின் ஓரப் பட்டைக்கும் பிஸ்டன் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ஸ்க்விஷ். அது நெருக்கமாக இருந்தால் ஓரத்துக் கலவை பீறிட்டு நடுவுக்கு வந்து சுழலும், வேகமாக எரியும். அகலமாக இருந்தால் ஓரத்தில் மாட்டிய கலவை கடைசியில் தானாகப் பற்றிக்கொண்டு நாக்கிங் வரும். கம்ப்ரஷன் கூட்டினால்தான் நாக்கிங் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அகலமான ஸ்க்விஷ் வைத்துக்கொண்டு கம்ப்ரஷனைக் கூட்டுவதுதான் ஆபத்து.

அளப்பது எளிது. 2 மி.மீ. தடிமனுள்ள சால்டர் ஈயக்கம்பியில் இரண்டு துண்டை பிஸ்டன் தலையில், பின் இருக்கும் கோட்டில், இடமும் வலமும் சுவரைத் தொடும்படி கிரீஸால் ஒட்ட வேண்டும். முன்னும் பின்னும் வைத்தால் பிஸ்டன் சாய்ந்துகொடுத்துப் பொய்க் கணக்கு வரும். போடப்போகும் அதே கேஸ்கட்டோடு ஹெட்டை முறையான டார்க்கில் பூட்டி, கிக்கரைக் கையால் அழுத்தி ஒரு முழுச் சுற்று விடுங்கள். நசுங்கிய நுனியை மைக்ரோமீட்டரில் பாருங்கள். இந்த இன்ஜினில் இரண்டு பக்கமும் 1.5. இலக்கு 1.0. காற்றால் குளிரும் 50 மி.மீ. போருக்கு 0.8க்குக் கீழே போக வேண்டாம். ராடு நீள்வதும் பேரிங் ஆட்டமும் சேர்ந்தால் பிஸ்டன் ஹெட்டைத் தட்டும்.

அரை மில்லி எடுத்தால் கம்ப்ரஷன் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். 50 மி.மீ. போரில் ஒவ்வொரு 0.1 மி.மீ.க்கும் 0.196 சிசி குறையும். அரை மி.மீ. எடுத்தால் 0.98 சிசி. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஓரத்தில் கிரீஸ் பூசி, ப்ளக் துளை வழியாக ப்யூரெட்டில் மெல்லிய எண்ணெய் விட்டு, ப்ளக் மரையின் அடிவரை அளந்தால் அறையின் கொள்ளளவு கிடைக்கும். இங்கே 9.8 சிசி. எக்ஸாஸ்ட் போர்ட் மூடும் இடம் உச்சியிலிருந்து 28 மி.மீ. அந்த உயரத்துக்குச் சிலிண்டர் கொள்ளளவு 55 சிசி. ஆக இருந்த விகிதம் 6.6. அரை மி.மீ. எடுத்தபின் அறை 8.8 சிசி, விகிதம் 7.25. இந்த ஊர் வெயிலுக்கு அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. 7.5ஐத் தாண்டினால் மே மாத மதியத்தில் நான்காவது கியர் ஏற்றத்தில் உள்ளே கண்ணாடிக் குண்டு உருளும் சத்தம் கேட்கும்.

எடுப்பது ஹெட்டில்தான், பிளாக்கின் அடியில் அல்ல. பிளாக்கைக் கீழே சீவினால் எல்லாப் போர்ட்டும் சேர்ந்து இறங்கி டைமிங் மாறிவிடும். லேத்தில் ஹெட் முகத்தைச் சீவும்போது ஸ்க்விஷ் பட்டையின் சாய்வு பிஸ்டன் தலையின் வளைவோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சீவிய முகத்தைக் கண்ணாடிப் பலகையில் 400 எமரி ஒட்டி எட்டு வடிவில் தேய்த்தால் மட்டம் சுத்தமாகும். கடையில் கிடைக்கும் ஹெட் கேஸ்கட்டுகளின் தடிமனில் 0.2, 0.3 வித்தியாசம் சாதாரணம். கேஸ்கட்டை மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஈயக்கம்பிச் சோதனை கட்டாயம்.

ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு தவணையில் இறுக்க வேண்டும். எம்8 ஸ்டட் என்றால் 22 முதல் 25 நியூட்டன் மீட்டர். முதல் ஓட்டத்துக்குப் பிறகு, முழுக்க ஆறியதும் மறுபடி ஒரு முறை.

போர்ட் வேலை: எங்கே தொட வேண்டும், எங்கே கூடாது

பிளாக்கின் இரும்பு லைனரில் வெட்டிய ஜன்னலும் வெளியே அலுமினிய வார்ப்பில் உள்ள பாதையும் ஒன்றுக்கொன்று நேராக இருப்பதில்லை. எக்ஸாஸ்ட்டில் விரலை விட்டால் படி ஒன்று தட்டும். அந்தப் படியை மட்டும் அலுமினியப் பக்கத்திலிருந்து சரிவாக்கி, உள்ளே 240 எமரி வரை வழவழப்பாக்கினோம். வழவழப்பில் கரி குறைவாக ஒட்டும், பெரிய வேகம் எதுவும் இதிலிருந்து வராது.

டிரான்ஸ்ஃபர் பாதையில் பலன் அதிகம். அடி கேஸ்கட்டை அச்சாக வைத்து, கிராங்க் கேஸ் வாயையும் பிளாக்கின் அடி வாயையும் தனித்தனியாகக் கோடு கிழித்துப் பார்த்தால் எது எவ்வளவு துருத்துகிறது என்று தெரியும். கேஸ்கட்டே பாதைக்குள் நீட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு, அதைக் கத்தியால் வெட்டிவிடலாம். இடமும் வலமும் ஒரே அளவாக வர வேண்டும். ஒரு பக்கம் அகலமானால் புதுக் கலவை ஒருபக்கமாகச் சாய்ந்து எக்ஸாஸ்ட்டுக்குள் ஓடிவிடும். லைனரில் உள்ள டிரான்ஸ்ஃபர் ஜன்னலைத் தொடவே கூடாது. அதன் உயரமும் சாய்வும்தான் கலவை எந்தத் திசையில் பாயும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி, எக்ஸாஸ்ட் கூரையை உயர்த்தலாமா? கணக்கைப் பாருங்கள். 50 மி.மீ. ஸ்ட்ரோக்கில், போர்ட் திறக்கும் அந்த இடத்தில், 1 மி.மீ. என்பது கிராங்கில் சுமார் 2.3 டிகிரி. திறப்பு, மூடல் இரண்டும் சேர்ந்து 4.6 டிகிரி நேரம் கூடும். மேல்வேகத்தில் கொஞ்சம் பாயும், அதற்கு விலையாக 3000 முதல் 5000 ஆர்பிஎம் வரையிலான இழுவை போகும், கம்ப்ரஷனும் குறையும். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாக ஊர் ஊராகப் போகும் வண்டி பெரும்பாலும் ஓடுவது அந்த 3000–5000லேயே. அதனால் கூரையைத் தொடவில்லை. அகலத்தில் மட்டும் ஓரங்களைச் சீராக்கி, போரின் 62 சதவீதமான 31 மி.மீ.யில் நிறுத்தினோம். 65 சதவீதத்தைத் தாண்டினால் ரிங் ஜன்னலுக்குள் பிதுங்கிச் சீக்கிரம் தேயும். மூலைகள் வட்டமாகவும், கூரை நேர்கோடாக இல்லாமல் மெல்லிய வளைவாகவும் இருந்தால் ரிங் திடீரென்று இடிக்காமல் வழுக்கிப் போகும்.

ரீட் வால்வ், சைலன்ஸர்

கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வின் மெல்லிய இதழ்களை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் போதும். மூடிய நிலையில் வெளிச்சம் தெரிந்தால் இதழ் வளைந்துவிட்டது. வளைந்ததைத் திருப்பிப் போடும் குறுக்குவழி வேண்டாம், ஏற்கனவே சோர்ந்த எஃகு உடைந்து கிராங்குக்குள் போகும். ஃபைபர் இதழ் போட்டால் உடைந்தாலும் சேதம் குறைவு, கீழ்வேகப் பிக்கப்பும் தேவலாம். ஸ்டாப்பரை வளைத்து அதிகம் திறக்க வைக்கும் வழக்கத்தால் இதழின் ஆயுள் குறைவதுதான் மிச்சம். திருகுகளுக்கு மரை இளகாமல் பிடிக்கும் பசை (த்ரெட் லாக்) ஒரு சொட்டு.

சைலன்ஸரின் கடைசியில் உருவும் பேஃபிள் குழாயை எடுத்துவிட்டு ஓட்டினால் வேகம் கூடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். கூடுவது சத்தம் மட்டும். அந்தக் குழாய் தரும் பின்னழுத்தத்துக்குக் கணக்குப் பண்ணித்தான் ஜெட் போட்டிருக்கிறார்கள். எடுத்ததும் கலவை மெலியும், நடுவேக இழுவையும் போகும். ஆனால் அதில் கரி அடைத்திருந்தால் 6000க்கு மேல் மூச்சு முட்டுவது நிஜம். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ காஸ்டிக் சோடா கரைத்து இரவு முழுக்க ஊறவைத்தால் கரி சேறாகக் கழன்றுவிடும். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம். அலுமினிய ஹெட்டையோ பிஸ்டனையோ தவறிக்கூட அதில் போடாதீர்கள், கரைந்துபோகும். குழாயை நெருப்பில் போட்டுச் சுடுவது விரைவான வழிதான், ஆனால் முழுச் சைலன்ஸரையும் சுட்டால் குரோம் போய்விடும்.

டைமிங், ப்ளக்

கம்ப்ரஷனைக் கூட்டியபின் ப்ளக் பொறி விழும் டைமிங்கை முன்னால் தள்ளக் கூடாது. வேகமாக எரியும் அறைக்கு உண்மையில் குறைந்த முன்கோணமே போதும். ப்ளக் துளையில் டயல் கேஜ் வைத்து டாப் கண்டுபிடித்து, பின்னோக்கித் திருப்பி அளக்க வேண்டும். ராடு நீளம் 100 மி.மீ. என்று எடுத்தால், இந்த ஸ்ட்ரோக்கில் 20 டிகிரி என்பது பிஸ்டன் உச்சிக்குக் கீழே 1.87 மி.மீ. அந்த இடத்தில் ஒரு டிகிரி என்பது 0.19 மி.மீ. கம்பெனி குறியிலேயே வைத்தோம். மேக்னட்டைக் கிராங்கோடு பிடித்து நிறுத்தும் சாவித்துண்டு தேய்ந்திருந்தால் குறியே பொய் சொல்லும், அதனால் டயலில் பார்த்தே நம்ப வேண்டும்.

ப்ளக்கில் ஒரு எண் குளிர்ச்சியானது (சூட்டை வேகமாகக் கடத்தும் ரகம்) போட்டோம். என்ஜிகேயில் எண் ஏற ஏறக் குளிர்ச்சி, 7க்கு அடுத்து 8. பாஷில் தலைகீழ், எண் இறங்க இறங்கக் குளிர்ச்சி. கடைக்காரர் "அதே நம்பர்தான்" என்று வேறு கம்பெனி ப்ளக்கை நீட்டினால் வாங்காதீர்கள். இடைவெளி 0.6 முதல் 0.7.

காற்று, பெட்ரோல், ஜெட்

இங்கே மண் செம்மண். பிரதான சாலையை விட்டு ஊருக்குள் திரும்பினால் புழுதிதான். டூ-ஸ்ட்ரோக்கில் உள்ளே போகும் தூசி முதலில் பாய்வது கிராங்க் பேரிங்கிலும் கனெக்டிங் ராடின் பெரிய முனையிலும், போருக்கு அதன் பிறகுதான் போகும். ஏர் பாக்ஸைக் கழற்றிக் கூம்பு ஃபில்டர் மாட்டுவதை இந்த மண்ணில் யோசிக்கவே வேண்டாம். ஃபோமை மண்ணெண்ணெயில் கசக்கி, காயவைத்து, கியர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் கிழியும், உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். ஃபில்டரின் விளிம்பு பெட்டியில் உட்காரும் இடத்தில் கிரீஸ் கோடு ஒன்று போட்டால் ஓரமாகத் தூசி நுழையாது.

இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை, இ20க்குச் சுமார் 13.5. ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் கலவை 8 சதவீதம் அளவு மெலிந்து ஓடுகிறது என்று பொருள். 1985ல் வடிவமைத்த கார்பரேட்டருக்கு இது தெரியாது. பழைய பெட்ரோல் குழாயும் ஓ-ரிங்கும் ஊறி உப்பும், எத்தனாலைத் தாங்கும் ரகமாக மாற்றிவிட வேண்டும். டேங்கில் வாரக்கணக்கில் நிற்கவிட்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் தண்ணீர் பிரியும். பத்து நாளுக்கு மேல் வண்டி எடுக்கப் போவதில்லை என்றால் பெட்ரோல் வால்வை மூடி, கார்பரேட்டரில் உள்ளதை வடித்துவிடுவது நல்லது.

மிக்குனி 20 மி.மீ. கார்பரேட்டரை மாற்றவில்லை. இந்தக் கொள்ளளவுக்கும் இந்த ஆர்பிஎம்முக்கும் 20 போதும். பெரியது போட்டால் கீழ்வேகத்தில் காற்றோட்டம் மந்தமாகி பிக்கப் கெடும். ஜெட்டைக் கம்பியால் குத்தாமல் கிளீனரும் காற்றும் மட்டும் பயன்படுத்த வேண்டும். எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்று தெரிந்தால் தேடல் சுருங்கும். முறுக்கின் முதல் எட்டில் ஒரு பங்குவரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அதிலிருந்து கால்வரை ஸ்லைடின் வெட்டு, கால் முதல் முக்கால்வரை நீடில், அதற்கு மேல் மெயின் ஜெட். இந்தக் கார்பரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை வெளியே திருகினால் கலவை மெலியும். நீடிலின் கிளிப்பைக் கீழ்க்காடிக்கு இறக்கினால் நீடில் உயர்ந்து கலவை தடிக்கும்.

தொடக்கத்துக்கு மெயின் ஜெட்டை இரண்டு எண் பெரிதாகப் போட்டு, கிளிப்பை நடுக்காடியிலிருந்து ஒரு காடி இறக்கினோம். எப்போதும் தடித்த பக்கத்திலிருந்து இறங்கி வர வேண்டும். தடித்த கலவை ப்ளக்கை அழுக்காக்கும், மெலிந்த கலவை பிஸ்டனையே தின்றுவிடும்.

எந்த நேரத்தில் ஜெட் பார்ப்பது என்பதை இங்கே பலர் யோசிப்பதில்லை. 40 டிகிரி மதியத்தை விட 20 டிகிரி மார்கழி விடியலில் காற்று சுமார் 7 சதவீதம் அடர்த்தி. கார்பரேட்டர் அதில் பாதியைத்தான் தானாக ஈடுகட்டும், மீதி 3 சதவீதம் மெலிவாக நிற்கும். மதியத்தில் கச்சிதமாக வைத்த ஜெட் விடியலில் மெலியும். கடைசி முடிவை அதிகாலைக் குளிரில்தான் எடுக்க வேண்டும். மதியத்தில் லேசாகத் தடித்து ஓடினால் ஓடட்டும், வெயிலில் அது பாதுகாப்புதான்.

பழக்குதல்

ஆட்டோலூப் குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் வடித்துவிட்டு, முதல் டேங்க்கில் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயிலும் கலந்தோம். இதற்கு மேல் ஆயில் ஊற்றினால் நல்லது என்று நினைப்பது தவறு. ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைந்து கலவை மெலிகிறது.

முதலில் ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபின்னில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் அணைத்து, முழுக்க ஆறவிட்டு, இதையே மூன்று தடவை. ஹெட் நட்டை மறுபடி இறுக்கிவிட்டு வெளியே எடுக்கலாம். முதல் 500 கி.மீ. பாதி முறுக்குக்கு மேல் வேண்டாம். அதே சமயம் ஒரே வேகத்திலும் ஓட்டாதீர்கள். தேவகோட்டைச் சாலை மாதிரி நேரான சாலையில் 40லேயே அசையாமல் போவதுதான் மோசம், ரிங் உட்காராது. ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும்.

அதன்பின் ப்ளக் சோதனை. புது ப்ளக் மாட்டி, மூன்றாவது கியரில் முழு முறுக்கில் ஒரு நீளம் இழுத்து, கிளட்ச்சைப் பிடித்த கையோடு இன்ஜினை அணைத்து, உருட்டி நிறுத்திக் கழற்ற வேண்டும். ஐடிலிங்கில் ஓடவிட்டால் நிறம் மாறிவிடும். பார்க்க வேண்டியது நுனியை அல்ல, பீங்கானின் அடிவாரத்தில் உலோகத்தோடு சேரும் வளையத்தை. அங்கே வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் மெல்லிய வளையம் இருந்தால் மெயின் ஜெட் சரி. கருப்பு ஈரம் என்றால் ஒரு எண் இறக்கலாம். வளையமே இல்லாமல் வெள்ளையாகப் பளபளத்தாலோ, பீங்கானில் மிளகுப்பொடி மாதிரி புள்ளி தெரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். அந்தப் புள்ளிகள் பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். இந்த வண்டி இரண்டு எண்ணில் தொடங்கி ஒரு எண் பெரிய ஜெட்டில் நின்றது, கிளிப் இறக்கிய காடியிலேயே இருக்கிறது.

1000 கி.மீ. ஆனதும் சைலன்ஸரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாய் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் ஹெட்டைத் திறக்காமலே பாதி விஷயம் தெரியும். பிஸ்டனின் முன்பக்கத்தில் செங்குத்துக் கீறல் இல்லாமல் இருக்க வேண்டும், ரிங் சுற்றிலும் ஒரே மினுக்காகத் தெரிய வேண்டும், ரிங்குக்குக் கீழே பழுப்பாகக் கருகல் இறங்கியிருக்கக் கூடாது. கருகல் இருந்தால் ரிங் இன்னும் உட்காரவில்லை. நான்கு மூலையிலும் கீறல் என்றால் போர் இறுக்கம் அல்லது சூடு ஏறும்வரை பொறுக்காமல் முறுக்கியது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறல் என்றால் கலவை மெலிவு, கசிவுச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

இழுவை கூடியபின் ஸ்ப்ராக்கெட்டை மாற்ற ஆசை வரும். முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல் என்றால் ஒரு பல் கூட்டுவது 7 சதவீத உயரம். தனியாக நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது பொருந்தும், ஆர்பிஎம் இறங்கி அமைதியாகப் போகும். பின்னால் ஆளும் டேங்கின் மேல் அரிசிப் பையும் வைத்துப் போகும் வண்டிக்குக் கம்பெனி பல்லே போதும். மாற்றுவதானால் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள், பழைய செயின் புதுப் பல்லைச் சில மாதத்தில் கொக்கியாக வளைத்துவிடும்.